மூன்று கோட்டு பாட்டிலும் நான்கு கோட்டு பாட்டிலும்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. வரி மேலே ஏறும், பிறகு தானாகக் கீழே இறங்கும். சின்ன ரகரம் எங்கே வரும், பெரிய றகரம் எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பவர்கள் பிழைகளைத் திருத்திப் படித்துக்கொண்டு என்னை மன்னிக்க வேண்டும். நாலு பேர் எதிரில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். பேசத் தெரிந்தவனாக இருந்தால் இதை எப்போதோ யாரிடமாவது சொல்லி முடித்திருப்பேன்.

யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டைக் கிடங்கில், நிலக்கடலை மூட்டைகளுக்கு வாய் தைக்கிற வேலையில் இருந்தேன். கிடங்குக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்தேன். என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காக விழுப்புரத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மூத்த பெண்ணுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. அவளையும் கூட அழைத்துக்கொண்டு போயிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு. முதலில் உதட்டின் ஓரம் துடிக்கும். பிறகு ஒரு பக்கத்துக் கை இழுத்துக்கொள்ளும். பிறகு நடப்பதை நான் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் அதற்கு மருந்து எழுதிக் கொடுத்தார். கசப்பான தண்ணீர் மருந்து. அந்த நாளில் மருந்துக்குப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் மருந்தை நிரப்பி, மருந்து நிற்கும் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை வெட்டி, அதை மடித்து, மடிப்பு மடிப்பாகக் கத்திரியால் ஓரத்தைக் கிள்ளிவிட்டுப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு கிள்ளலிலிருந்து அடுத்த கிள்ளல் வரைக்கும் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்து ஊற்றிக்கொள்ளலாம். ஜனங்கள் அதை ஒரு கோடு, இரண்டு கோடு என்று சொல்வார்கள்.

டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தை தப்பாமல் நினைவிருக்கிறது.

"தினம் காலையில ஒரு கோடு. அன்னைக்கே மறுபடி இழுத்தா இன்னும் கொஞ்சம் குடுக்கலாம். ஆனா ஒரு நாளைக்குப் பாதி பாட்டிலைத் தாண்டக் கூடாது. தாண்டினா பொண்ணு தூங்கிக்கிட்டே இருக்கும். மூச்சு குறைஞ்சிடும்."

நான் தலையாட்டினேன். என் மனைவிதான் கேட்டாள்: "தப்பித் தவறித் தாண்டிட்டா இன்னாங்க பண்றது?"

டாக்டர் அவள் கையில் இருந்த பித்தளைப் பாலாடையைக் காட்டினார். மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். குழந்தைக்குப் பால் புகட்டுவது. "பாதிக்கு மேல இதுல ஒரு பாலாடைக்குள்ள போயிருந்தா, தூங்க விடாம வச்சிருந்தாலே போதும். ஒரு பாலாடைக்கு மேல போயிருந்தா உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கணும். ஆனா சும்மா சும்மா அதைப் பண்ணாதீங்க. வலிப்பு வர்ற குழந்தை. வாந்தி எடுக்கிறப்போ இழுத்துக்கிச்சுன்னா அது மூச்சுக்குழல்ல போயிடும். அதுவும் உயிருக்கு ஆபத்து."

இரண்டு பக்கமும் ஆபத்து என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நமக்கு அப்படி ஒரு நாள் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரசவ நாள் நெருங்கியதும் குழந்தையைச் சில நாள் என்னிடம் அனுப்பிவைப்பதாக ஏற்பாடு. மருந்துச் சீட்டை மனைவி முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தாள். விழுப்புரத்துக்குக் கொண்டுபோன பாட்டிலுக்கு இணையான பாட்டில் ஒன்று என்னிடம் இருந்தது. பழைய பாட்டில்காரனிடம் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்கியிருந்தேன். அதைத் திண்டிவனத்து மருந்துக் கடையில் கொடுத்து அதே சீட்டுக்கு மருந்து வாங்கி வைத்தேன். இங்கே இருந்த கம்பவுண்டர், சின்னக் குழந்தைதானே என்று பட்டையை நாலாக மடித்துக் கிள்ளினார். விழுப்புரத்தில் அதை மூன்றாக மடித்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மச்சான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். என் மனைவியின் தம்பி. விழுப்புரத்தில் தையல் கடையில் பொத்தான் தைப்பவன். அவனும் என்னைப் போல ஐந்து வகுப்புதான், ஆனால் வாய் மட்டும் பத்துப் பேருக்குச் சமம். குழந்தையையும் துணி மூட்டையையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "பசி உசுரு போவுது மாமா, ரெண்டு இட்லி துன்னுட்டு வர்றேன்" என்று போய்விட்டான்.

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த வாயின் ஓரம் துடித்த மாதிரி எனக்குத் தெரிந்தது. வழக்கமாக மருந்து கொடுக்கிற நேரமும் அதுதான். நான் மூட்டையிலிருந்து பாலாடையை எடுத்தேன். என் பாட்டிலில் ஒரு கோடு இறங்குகிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் புகட்டினேன். துடிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மச்சான் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். பாட்டிலைப் பார்த்தான்.

"இன்னா மாமா, மருந்தா குடுத்தீங்க?"

"ஆமாம். வாய் துடிச்ச மாதிரி இருந்தது."

"அக்கா விடியங்காட்டியே ஒரு கோடு குடுத்துத்தானே அனுப்பிச்சுது. ரயிலுல இழுத்துக்கிச்சுன்னா இன்னா பண்றதுன்னு."

மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தேன். தூங்குகிற குழந்தையின் முகம் வேறு, இந்த முகம் வேறு என்று எனக்குப் பட்டது. கூப்பிட்டேன். இமை பாதி திறந்து மூடிக்கொண்டது.

மச்சானை மருந்துக் கடைக்கு ஓடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறார், பொழுது சாய்ந்துதான் வருவார் என்று காவல்காரன் சொல்லி அனுப்பிவிட்டான். விழுப்புரத்துக்கு அடுத்த வண்டியும் சாயங்காலம்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தை கிடந்தது. நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தூங்க விடாமல் வைத்திருப்பதா, உப்புத் தண்ணீரா?

"அக்கா குடுத்தது மூணுல ஒண்ணு. நீங்க குடுத்தது நாலுல ஒண்ணு. ரெண்டும் சேந்தா எவ்ளோன்னு பாருங்க மாமா, ஜல்தி" என்றான் மச்சான்.

எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் நான் படித்த கணக்கெல்லாம் கால், அரைக்கால், மாகாணி. எல்லாம் பாதியைப் பாதியாக்கி அதையும் பாதியாக்கிப் போகிற வாய்பாடு. கால் என்றால் நாலில் ஒன்று. அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி மாகாணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் மூன்றில் ஒன்றுக்கு அந்த வாய்பாட்டில் இடமே கிடையாது. மேல் ஒரு எண், கீழ் ஒரு எண் என்று போடுகிற பின்னத்தை வாத்தியார் தொடங்கிய வருஷத்தில்தான் நான் நின்றேன். கூட்டல் வரைக்கும் வரவில்லை.

கரித்துண்டை எடுத்துத் தரையில் எழுதினேன். மேலே ஒன்று, கீழே மூன்று. பக்கத்தில் மேலே ஒன்று, கீழே நாலு. மேலே இருப்பதைக் கூட்டினால் இரண்டு. கீழே இருப்பதைக் கூட்டினால் ஏழு. ஏழில் இரண்டு.

"ஏழுல ரெண்டு. பாதிக்கு ரொம்பக் கம்மி" என்றேன். அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னா மாமா கணக்கு இது? ஆறுல ரெண்டுதானே மூணுல ஒண்ணு? ஏழுல ரெண்டுன்னா அதவிட சின்னது. அப்போ அக்கா குடுத்ததே அதுக்கு மேல ஆச்சே. நீங்க மேல மேல ஊத்தினா, உள்ள போன மருந்து கொறஞ்சா பூட்ச்சி?"

அவன் எப்போதும் பேசுகிற கேலிதான். ஆனால் பாதியில் அவன் குரல் மாறிவிட்டது. நான் எழுதியதைக் காலால் அழித்தேன். இப்போது தெளிவாகத் தெரிந்தது. காலும் காலும் சேர்ந்தால் அரை. மூன்றில் ஒன்று காலைவிடப் பெரியது. அப்படியானால் அரையைத் தாண்டிவிட்டது. சந்தேகமே இல்லை. குழந்தையின் வயிற்றில் பாதி பாட்டிலுக்கு மேல் மருந்து இருக்கிறது. எவ்வளவு மேல் என்பதுதான் தெரியவில்லை. ஒரு பாலாடைக்குள்ளா, அதற்கு மேலா?

மச்சான் உப்பு ஜாடியை எடுத்துவிட்டான். "கலக்கட்டுமா மாமா?"

"இரு."

"இன்னாத்துக்கு இருக்கிறது? பாருங்க, தலை தொங்குது."

"இருடா!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் யாரையும் அப்படி அதட்டியதில்லை. அவனும் ஜாடியைக் கீழே வைத்துவிட்டான். "புள்ளயத் தூக்கி வச்சிக்கினு பேசிக்கினே இரு. தூங்க உடாத. நான் பார்க்கிறேன்" என்றேன்.

எனக்கு எண்ணில் நம்பிக்கை போய்விட்டது. கம்பவுண்டர் செய்வது மட்டும் கண்ணில் இருந்தது. சர்க்கரைப் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து, என் பாட்டிலில் ஒட்டியிருந்த பட்டையின் நீளத்துக்கே மூன்று பட்டைகள் கிழித்தேன். முதல் இரண்டு தடவையும் கோணலாகக் கிழிந்து வீணாயின. ஒரு பட்டையை மூன்றாக மடித்தேன். ஒன்றை நாலாக மடித்தேன். மூன்றாவதை நடுவில் ஒரே மடிப்பாகப் பாதியாக்கித் தரையில் விரித்து வைத்தேன். அதுதான் முழு பாட்டில். நடு மடிப்புதான் எல்லை.

மூன்றில் ஒன்றைக் கிழித்து அதன் மேல் அடியிலிருந்து வைத்தேன். அது முடிகிற இடத்திலிருந்து நாலில் ஒன்றைக் கிழித்து வைத்தேன். நடு மடிப்பைத் தாண்டி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நின்றது. விரல் நக அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. என் குழந்தை கூடுதலாகக் குடித்தது அதுதான். அத்தனை சின்னத் துண்டு ஒரு உயிரை எடுக்குமா என்று தோன்றியது. எடுக்கும் என்றும் தோன்றியது.

அந்தத் துண்டைக் கிழித்து எடுத்தேன். அதை அளவாக வைத்து முழுப் பட்டையை அளந்தேன். மீதி எதுவும் இல்லாமல் பன்னிரண்டு தடவை போயிற்று. எண்ணிக்கையில் தவறியிருப்பேன் என்று மறுபடி அளந்தேன். பன்னிரண்டுதான். மூன்றில் ஒன்றை அளந்தால் அதில் நாலு துண்டு. நாலில் ஒன்றை அளந்தால் மூன்று துண்டு. நாலும் மூன்றும் ஏழு. பன்னிரண்டில் ஏழு. பாதி என்றால் ஆறு. ஆகப் பன்னிரண்டில் ஒரு பங்கு கூடுதல். மூன்றையும் நாலையும் அப்படியே கூட்டினால் ஒட்டாது, இரண்டையும் ஒரே அளவான சின்னத் துண்டுகளாக வெட்டிய பிறகுதான் கூட்ட முடியும் என்பது அன்றைக்கு அந்தத் தரையில் எனக்குத் தெரிந்தது. வாத்தியார் இதைத்தான் சொல்லித் தந்திருப்பார் போலிருக்கிறது. தெரிந்துகொள்ள நான் அப்படி ஒரு நாளைக் கேட்கவில்லை.

ஆனால் பன்னிரண்டில் ஒன்று என்பது பாலாடைக்குள் அடங்குமா?

மீதி மருந்தைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்துவிட்டுப் பாட்டிலைக் கழுவினேன். பாதிக்கு மேல் இன்னும் ஒரு துண்டு உயரம் வரைக்கும் தண்ணீர் பிடித்தேன். பிறகு பாட்டிலைச் சாய்த்து, தண்ணீர் பாதிக்கு இறங்குகிற வரையில் பாலாடையில் ஊற்றினேன். பாலாடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. விளிம்பைப் பார்த்து வந்தது. நிறுத்திப் பாட்டிலை நிமிர்த்திப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். ஊற்றினேன். பாலாடையின் விளிம்புக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது.

ஒரு நூல். அதற்கு மேல் இல்லை.

"உப்பு வேணாம். தூங்க உடாம இருந்தா போதும்" என்றேன்.

"நெசமாவா மாமா?"

"தெரியல. கணக்கு அப்படித்தான் சொல்லுது."

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. பட்டையை நான் ஒரு இம்மி கோணலாக மடித்திருந்தால்? மனைவி விடியற்காலை இருட்டில் கோட்டுக்கு மேல் கொஞ்சம் ஊற்றியிருந்தால்? அந்த நூல் அளவு எங்கே இருக்கிறது? ஆனால் இரண்டில் ஒன்றைச் செய்யத்தான் வேண்டும். செய்துவிட்டேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். முகத்தில் ஈரத் துணியால் துடைத்தோம். உள்ளங்காலைத் தட்டினோம். நான் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் கிடங்கு வாசலில் மல்லாட்டை உடைக்கிற பெண்கள் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"இன்னாய்யா, கொயந்த தூக்கத்துல சாயுது, அத்தப் போயி தட்டித் தட்டி எழுப்பறீங்க? பெத்த அப்பனா நீ?"

"ஆம்பளைங்க கைல புள்ளயக் குடுத்தா இப்டித்தான்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நடந்ததைச் சொன்னால் அவர்கள் கூட்டமாக வந்து ஆளுக்கொரு கை வைத்தியம் சொல்வார்கள், குழந்தையின் வாயில் எதையாவது ஊற்றிவிடுவார்கள் என்று பயம். மச்சான்தான் சமாளித்தான். "பாப்பாவுக்கு ரயில் வெளயாட்டு காட்றோம் யக்கா" என்றான். உடனே குழந்தையை வாங்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, ரயில் கார்டு மாதிரி கூவத் தொடங்கிவிட்டான்.

"திண்டிவனம்! எறங்கறவங்கல்லாம் எறங்கு! அடுத்தது மயிலம்!"

கிடங்கின் ஒரு மூலை மயிலம் ஆயிற்று. அடுத்த மூலை பேரணி. கிணற்றடி விக்கிரவாண்டி. மாட்டுத் தொட்டி முண்டியம்பாக்கம். எங்கள் அறை வாசல் விழுப்புரம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவன் நின்று, "பாப்பா, இது இன்னா ஊரு?" என்று கேட்பான். குழந்தை பதில் சொல்லாவிட்டால் வண்டி நகராது. முதலில் அது முனகியது. அப்புறம் அழுதது. அது அழுத சத்தம் போல் இனிமையானதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விழுப்புரம் வந்ததும் வண்டி மறுபடி திண்டிவனத்துக்குத் திரும்பும். வெயில் ஏறி இறங்கியது. அவன் தொண்டை கட்டிவிட்டது. பிறகு நான் கூவினேன். அத்தனை பெண்கள் எதிரில், நான், "விக்கிரவாண்டி!" என்று கூவினேன். அவர்கள் சிரித்ததுகூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. குழந்தையின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் வந்து போகிறதா என்பது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை அது தாமதமாக வந்த மாதிரி இருந்தது. இரண்டு தடவையும் நான் நடக்க மறந்து நின்றுவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் வந்திருந்தார். கண் இமையை விரித்துப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார். மச்சான் நடந்ததைக் கொட்டினான்.

"வாந்தி எடுக்க வச்சீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"நல்லது. அசதியில இருக்கு, அவ்வளவுதான். இனிமே தூங்கட்டும். நாளைக்கு வழக்கம்போல ஒரு பங்கு கொடுங்க."

அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் போகவில்லை. டாக்டரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"எந்தப் பங்குங்க? மூணுல ஒண்ணா, நாலுல ஒண்ணா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "நாலுல ஒண்ணு போதும்" என்றார்.

அன்று குழந்தை தூங்கியது. நான் தூங்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் மறுநாள் காலையில்தான் வந்தது. தம்ளரில் மூடி வைத்திருந்த மருந்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றி, ஒரு கோடு இறங்கும்படி பாலாடையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். நேற்று உயிரை எடுக்கப் பார்த்த அதே தண்ணீர். கொடுக்காமல் விட்டால் வலிப்பு. மச்சானைக் கொடுக்கச் சொன்னேன். "என்னால ஆவாது மாமா" என்று அவன் வெளியே போய்விட்டான். குழந்தை என் எதிரில் உட்கார்ந்து, கசப்பு தெரிந்து முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஆனாலும் அப்பா கொடுக்கிறாரே என்று வாயைத் திறந்தது. நான் ஊற்றினேன்.

வலிப்பு எட்டு வயதுக்குள் நின்றுவிட்டது. இப்போது அவள் தாவணி போடுகிற பெண். அந்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை, நாங்களும் சொன்னதில்லை. பகலில் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தால், தண்ணீர் கொண்டு வா, விளக்கைத் துடை என்று ஏதாவது ஒரு வேலையைச் சொல்லி எழுப்பிவிடுகிறேன். "நான் படுத்தாலே அப்பாவுக்குப் பொறுக்காது" என்று அவள் அம்மாவிடம் குறை சொல்கிறாள். இன்று மத்தியானமும் அப்படித்தான் எழுப்பினேன். கோபித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் உட்கார்ந்து இதை எழுதினேன்.

திண்டிவனம்,
1949ஆம் வருஷம், ஆவணி மாதம் நாலாம் தேதி.